சுழலும் ராட்டினத்தில் பிள்ளை: எதைப் பார்த்தால் என்ன செய்வது

ராட்டினத்தில் ஏறி உட்கார்ந்து, தடுப்புக் கம்பி இறங்கி, கிளம்பும் மணி அடிப்பதற்குள் பெரும்பாலும் ஒரு நிமிடம்தான் கிடைக்கும். பிள்ளையைச் சரியாக உட்காரவைப்பது, பெல்ட்டைப் பார்ப்பது, சந்தேகம் இருந்தால் கேட்பது எல்லாமே அதற்குள் முடிந்தாக வேண்டும். சுழல ஆரம்பித்த பிறகு நம் கையால் ஆகக்கூடியது மிகக் கொஞ்சம். அதனால் இதை வீட்டிலேயே ஒருமுறை படித்துவிடுங்கள். முதலிலிருந்து கடைசிவரை படிக்க வேண்டும் என்றில்லை. கண்ணில் படும் குறை எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம்.

போவதற்கு முன் ஒரு கணக்கு மட்டும். சுழலும்போது உடம்பு வெளிப்பக்கம் தள்ளப்படுகிறதே, அந்த விசை வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. நடுத்தூணிலிருந்து 6 மீட்டர் தள்ளி ஓர் இருக்கை இருக்கிறது, அது நிமிடத்துக்கு 10 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 கிலோ எடையுள்ள பிள்ளையை ஏறத்தாழ 13 கிலோ பாரத்துக்குச் சமமான விசை வெளியே தள்ளும். அதே ராட்டினம் 15 சுற்றுக்குப் போனால் அது 30 கிலோ. வேகம் ஏறியது ஒன்றரை மடங்கு, விசை ஏறியது இரண்டேகால் மடங்கு. நின்றுகொண்டிருக்கும் ராட்டினத்தில் "பரவாயில்லை, கொஞ்சம்தானே தளர்வு" என்று தோன்றுவதை முழு வேகத்தை மனதில் வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

கம்பி இறங்கிவிட்டது, ஆனால் பிள்ளையின் தொடைக்கு மேலே இடைவெளி தெரிகிறது

அதிகம் கண்ணில் படுவது இதுதான். அதிகம் கண்டுகொள்ளாமல் விடப்படுவதும் இதுதான்.

முதலில் பிள்ளை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். கால் தொங்குவது பிடிக்காமல் சின்னப் பிள்ளைகள் இருக்கையின் முன்விளிம்புக்கு நகர்ந்து வந்துவிடும். அப்படி உட்கார்ந்திருக்கும்போது கம்பி இறங்கினால் அது தொடையில் பட்டு நின்றதுபோலத்தான் இருக்கும். சுழற்சியில் பிள்ளை பின்னால் போனதும் இடைவெளி திறந்துகொள்ளும். கம்பியைத் திறக்கச் சொல்லி, பிள்ளையின் இடுப்பைப் பிடித்து முதுகுச் சாய்மானம் வரை தள்ளி உட்காரவைத்து, மறுபடி இறக்கச் சொல்லுங்கள். மடியில் பை, பொம்மை, தண்ணீர் பாட்டில், சுருட்டி வைத்த ஜாக்கெட் எதுவும் இருக்கக் கூடாது. கம்பி பையின் மேல் பட்டு நின்றிருக்கும். பை நசுங்கினாலோ நழுவினாலோ அந்த அளவுக்கு இடம் காலியாகிவிடும்.

பிள்ளை சரியாகத்தான் உட்கார்ந்திருக்கிறது, மடியிலும் ஒன்றுமில்லை, ஆனாலும் இடைவெளி என்றால் அடுத்ததாகப் பக்கத்தில் யார் என்று பாருங்கள். இருவருக்கும் ஒரே கம்பி என்றால் அது பருமனான தொடையில் பட்டதும் நின்றுவிடும். அப்பாவின் தொடையில் கச்சிதமாக நிற்கும் கம்பி மகனின் மடிக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் அந்தரத்தில் இருக்கும். அப்பாவுக்குப் பூட்டு விழுந்துவிட்டது, மகனுக்கு விழவே இல்லை. ஒல்லியான ஒருவர் கூட உட்காரலாம். அல்லது அந்த ராட்டினத்தின் விதி அனுமதித்தால் பிள்ளைகள் இருவர் சேர்ந்து உட்காரலாம். இரண்டும் முடியாதென்றால் இறங்கிவிட வேண்டியதுதான். "நான் கையால் அணைத்துப் பிடித்துக்கொள்கிறேன்" என்று சொல்லாதீர்கள். மேலே சொன்ன 30 கிலோவை ஒரு கையால், அதுவும் உங்கள் உடம்பே ஒருபக்கம் இழுபடும்போது, நிறுத்திவைக்க முடியாது.

எவ்வளவு இடைவெளி இருக்கலாம் என்பதற்கு ஒவ்வொரு ராட்டினத்துக்கும் தயாரிப்பாளர் வைத்த அளவு உண்டு. ஆப்பரேட்டர் சொல்வதுதான் முடிவு. நான் எனக்காக வைத்திருக்கும் அளவு இது: கம்பிக்கும் தொடைக்கும் நடுவே விரித்த உள்ளங்கை படுக்கையாக நுழைந்தால் சரி, முஷ்டி நுழைந்தால் இறங்கிவிடுவேன். இன்னொரு சோதனையும் உண்டு. பிள்ளையின் அக்குள்களில் கைவைத்து மெதுவாக மேலே தூக்கிப் பாருங்கள். இடுப்பு இருக்கையை விட்டு எழும்பி முழங்கால் கம்பிக்கு மேலே வருகிறதென்றால் கம்பி எந்த வேலையும் செய்யவில்லை. பிள்ளையிடமே "எழுந்திரு, பார்க்கலாம்" என்று சொல்லிச் சோதிக்க வேண்டாம். எழ முடியும் என்பதை நாமே அதற்குக் கற்றுக்கொடுத்ததாகிவிடும்.

உயரம் பார்க்கும் பலகையில் ஒரு விரல் குறைகிறது

இதற்குச் சரிசெய்யும் வழி கிடையாது. கிளம்புங்கள்.

காரணம் மட்டும் சொல்கிறேன், வரிசையிலேயே அழும் பிள்ளையிடம் விளக்கவேண்டியிருக்கும். அந்தக் கோடு வயதுக்காகவோ தைரியத்துக்காகவோ போட்டதில்லை. உடம்பின் வடிவத்துக்காகப் போட்டது. பிறந்த குழந்தைக்குத் தலை மட்டும் உடம்பின் நாலில் ஒரு பங்கு நீளம். பெரியவர்களுக்கு ஏழு, எட்டில் ஒரு பங்குதான். ஐந்தாறு வயதுப் பிள்ளை நடுவில் நிற்கிறது: தலை கனம், கால் குட்டை. உடம்பின் எடை மேலே குவிந்திருப்பதால் மடிக்குக் குறுக்கே வரும் கம்பியைத் தாண்டி முன்னால் கவிழ்வது அதற்குச் சுலபம். கால் தரையில் எட்டாததால் ஊன்றி நிறுத்திக்கொள்ளவும் முடியாது. குதிகால் உயர்ந்த செருப்பும், உச்சந்தலைக் கொண்டையும், நுனிக்காலும் பலகையை ஏமாற்றும். இடுப்பு இருக்கும் இடத்தை அவை மாற்றாது.

சில பலகைகளில் இரண்டு கோடுகள் இருக்கும். கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் நடுவே இருக்கும் பிள்ளை பெரியவர் துணையோடு ஏறலாம் என்று அர்த்தம். பெரியவர் என்றால் யார், எத்தனை வயது என்று கேட்டுக்கொள்ளுங்கள். பத்து வயது அக்கா அந்தக் கணக்கில் பெரும்பாலும் வரமாட்டாள். அப்புறம், கோட்டைத் தாண்டிவிட்டால் மட்டும் போதும் என்றும் இல்லை. முதுகை நிமிர்த்தி உட்காரவும், இரண்டு கையாலும் பிடிக்கவும், சொன்னதைக் கேட்கவும் முடியவேண்டும். கையில் மாவுக்கட்டு போட்டிருக்கும் பிள்ளை, தலையை நிமிர்த்திப் பிடிக்கத் தசை பலம் போதாத பிள்ளை, தூக்கக் கலக்கத்தில் இருக்கும் பிள்ளை எவ்வளவு உயரமாக இருந்தாலும் சுழலும் ராட்டினத்துக்கு இன்று வேண்டாம்.

கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஏறலாமா என்று சிலர் கேட்பதுண்டு. மெதுவாகச் சுற்றும் குடைராட்டினத்தின் பெஞ்சில், விதி அனுமதித்தால், சரி. வேகமாகச் சுழலும் எதிலும் கூடாது. கம்பிக்கும் உங்களுக்கும் நடுவே குழந்தை நசுங்கும். அல்லது உங்கள் கையிலிருந்து வழுக்கும்.

பக்கத்தில் இருக்கும் பெரியவர் பிள்ளைமேல் சரிகிறார்

பெஞ்சு போன்ற இருக்கை, ஓடும் திசையைப் பார்த்தபடி உட்காருவது என்றால் வெளிப்பக்கம் என்பது உங்கள் ஒரு தோளின் பக்கம். எல்லோரும் அந்தப் பக்கமாகச் சறுக்குவார்கள். வெளி ஓரத்தில் பிள்ளை, உள்பக்கம் பெரியவர் என்று உட்கார்ந்தால் 70 கிலோ உடம்பு 20 கிலோ உடம்பின் மேல் போய் அடையும். முதலில் சொன்ன 10 சுற்று வேகத்திலேயே அந்தத் தள்ளல் ஏறத்தாழ 47 கிலோ பாரம். இருக்கையின் உராய்வு கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான்.

என் மகளுக்கு அப்போது ஆறு வயது. ஓரத்தில் உட்கார்ந்தால்தான் வேடிக்கை தெரியும் என்று அடம்பிடித்தாள், விட்டுவிட்டேன். வேகம் ஏறியதும் அவள் சிரித்தாள், பிறகு சிரிப்பு நின்றது. கையை ஊன்றி என்னை நானே தடுக்கப் பார்த்தேன், முடியவில்லை. ராட்டினம் நிற்கும்வரை அவளைப் பக்கவாட்டுத் தகட்டோடு சேர்த்து நான் நெருக்கிக்கொண்டே இருந்தேன். இறங்கியபோது அவள் விலாவில் தகட்டின் விளிம்பு அச்சாகப் பதிந்திருந்தது. கம்பியை இறக்கியவர் நாங்கள் உட்கார்ந்திருந்த வரிசையைப் பார்த்துக்கொண்டேதான் இறக்கினார், எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

எனவே கனமானவர் வெளியே, சின்னவர் உள்ளே, அதாவது நடுத்தூணின் பக்கம். சில ராட்டினங்கள் பாதியில் திசை மாறிப் பின்னோக்கியும் ஓடும். அப்போதும் வெளிப்பக்கம் மாறாது, இந்த வரிசையையும் மாற்ற வேண்டாம். எது வெளிப்பக்கம் என்று குழப்பமாக இருந்தால் ஏறும் முன் ஒரு ஆட்டத்தை வேடிக்கை பாருங்கள். ஆட்கள் எந்தப் பக்கம் சாய்கிறார்கள் என்று கண்ணுக்கே தெரியும்.

கோப்பை, தொட்டி வடிவ இருக்கைகளில் கதை கொஞ்சம் வேறு. அங்கே தொட்டியும் தனியாகச் சுழலும், அடியில் இருக்கும் தளமும் சுழலும். மேடு பள்ளமான பாதையில் தொட்டி தானாகவே சுற்றும் 'டில்ட்-ஏ-வேர்ல்' ராட்டினத்தை 1926-ல் அமெரிக்காவில் ஹெர்பர்ட் செல்னர் உருவாக்கினார். அதன் அசைவு கணிக்கவே முடியாத வகையைச் சேர்ந்தது என்று 1994-ல் இயற்பியலாளர்கள் கணக்குப் போட்டே காட்டினார்கள். பெரியவர்களுக்கே அடுத்த திருப்பம் எந்தப் பக்கம் என்று தெரியாது. பிள்ளை முன்கூட்டியே இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் என்று எதிர்பார்க்க முடியாது. தொட்டியில் பிள்ளையின் முதுகு சாய்மானத்தை ஒட்டியிருக்கட்டும், இரண்டு பெரியவர்கள் இருந்தால் பிள்ளை நடுவில். நடுச்சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி வேகம் கூட்டும் ராட்டினமாக இருந்தால் அந்தச் சக்கரம் உங்கள் கையில்தான் இருக்கிறது. சும்மா விட்டுவிட்டால் வேகம் தானாகக் குறையும்.

பெல்ட் போட்டாயிற்று, ஆனால் வயிற்றின் மேல் ஏறி நிற்கிறது

பெல்ட் இருக்கவேண்டிய இடம் தொடை ஆரம்பிக்கும் இடுப்பெலும்பு. சின்னப் பிள்ளைகளுக்கு இடுப்பெலும்பின் மேல்விளிம்பு இன்னும் சரியாக வளர்ந்திருக்காது, அதனால் பெல்ட்டைப் பிடித்து நிறுத்த அங்கே மேடு இல்லை. பிள்ளை கொஞ்சம் சரிந்து உட்கார்ந்தாலே பெல்ட் மேலே ஏறி மென்மையான வயிற்றுக்கு வந்துவிடும். வேகத்தில் இடுப்பு பெல்ட்டுக்கு அடியில் நழுவ, உடம்பு கீழே வழுக்கிக்கொண்டே போகும்.

இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி, பெல்ட்டைத் தொடைக்கு இறக்கி, முறுக்கு இருந்தால் நீக்கி, பிறகு இறுக்குங்கள். இரு கால்களுக்கு நடுவே வரும் பட்டையோ தண்டோ இருந்தால் அது இந்த வழுக்கலைத் தடுக்கத்தான் இருக்கிறது. அதை ஒதுக்கிவிட்டு மேல் பெல்ட்டை மட்டும் போடக் கூடாது. எவ்வளவு இறுக்கினாலும் பெல்ட் தளர்ந்துகொண்டே வந்தால் கொக்கியின் பல் தேய்ந்திருக்கலாம். வேறு இருக்கை கேளுங்கள்.

பிள்ளையே கொக்கியைத் திறந்துவிடுகிறது

இது பழுது இல்லை, அந்தக் கொக்கி அப்படித்தான் செய்யப்பட்டிருக்கும். ஏஎஸ்டிஎம் என்ற தரநிர்ணய அமைப்பு ராட்டின வடிவமைப்புக்காக வைத்திருக்கும் எஃப்2291 தரநிலை, உடம்பில் எவ்வளவு விசை எந்தத் திசையில் விழுகிறது என்பதைப் பார்த்துத் தடுப்புகளை ஐந்து வகுப்பாகப் பிரிக்கிறது. முதல் வகுப்புக்குத் தடுப்பே தேவையில்லை. நடுவில் உள்ளவற்றைப் பயணியே திறக்கலாம். 4, 5 ஆம் வகுப்புகளில்தான் திறப்பது ஆப்பரேட்டர் கையில் மட்டும் இருக்கும். மெதுவான குழந்தை ராட்டினங்களில் பெரும்பாலும் திறக்கக்கூடிய பெல்ட்தான் வரும். பொத்தான் எதைப் பார்த்தாலும் அழுத்தும் வயதில் உங்கள் பிள்ளை இருந்தால், தனியாக ஏற்றாதீர்கள். கூட உட்கார முடியாத ராட்டினம் என்றால் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்.

பூட்டு விழுந்த சத்தம் கேட்கவில்லை, அல்லது விளக்கு எரிந்தும் நம்பிக்கை வரவில்லை

கம்பி இறங்கியதும் அதை நீங்களே ஒருமுறை மேலே தூக்கிப் பாருங்கள். பற்சக்கரப் பூட்டு என்றால் 'கடக் கடக்' என்று ஒவ்வொரு பல்லாக விழும். ஹைட்ராலிக், அதாவது திரவ அழுத்தத்தால் பிடிக்கும் பூட்டு என்றால் சத்தமே வராது, அதனால் சத்தத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. தூக்கினால் ஒரு விரலளவு ஆட்டம் இருக்கலாம். கம்பி மேலே வந்துகொண்டே இருந்தால் பூட்டு விழவில்லை. அந்த நிமிடமே கையைத் தூக்கிக் கூப்பிடுங்கள்: "அண்ணே, இவனுக்கு லாக் விழலை, கொஞ்சம் வந்து பாருங்க." வெட்கப்பட வேண்டாம். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் அரை நிமிடம் பொறுப்பார்கள்.

பூட்டு விழுந்ததைக் காட்டும் பச்சை விளக்கு எரிகிறதே என்று இருந்துவிடவும் வேண்டாம். அந்த விளக்குக்குப் பின்னால் இருக்கும் சென்சார் கம்பி எந்த இடத்தில் நிற்கிறது என்று மட்டும்தான் பார்க்கிறது, கம்பிக்குக் கீழே யார் இருக்கிறார்கள் என்று பார்ப்பதில்லை. 2022-ல் அமெரிக்காவின் ஓர்லாண்டோவில் உயரத்திலிருந்து விழும் ராட்டினம் ஒன்றில் 14 வயதுச் சிறுவன் இருக்கையிலிருந்து நழுவி இறந்தான். விசாரணையில், அந்த இருக்கையின் சென்சாரைக் கையால் மாற்றி வைத்திருந்தது தெரியவந்தது. தடுப்பு வழக்கத்தைவிட அதிகம் திறந்திருந்தும் விளக்கு எரிந்திருக்கிறது. அது சுழலும் ராட்டினம் இல்லைதான், ஆனால் விளக்கை மட்டும் நம்பக் கூடாது என்பது எல்லா ராட்டினத்துக்கும் பொருந்தும்.

சில ராட்டினங்களில் கூடுதல் பாதுகாப்பாகக் கம்பியில் ஒரு சங்கிலியோ, பூட்டாணியோ, இரண்டாவது பெல்ட்டோ இருக்கும். மற்ற இருக்கைகளில் இருப்பது உங்கள் இருக்கையில் இல்லை என்றால், அல்லது பூட்டாணி இருக்கவேண்டிய துளையில் கம்பித்துண்டோ கயிறோ கட்டியிருந்தால், இறங்கிவிடுங்கள்.

தோளுக்கு மேலிருந்து இறங்கும் தடுப்பு கழுத்தில் இடிக்கிறது

பிள்ளைக்கு உயரம் போதவில்லை என்று அர்த்தம். தோளில் படிய வேண்டியது தாடையிலோ காதிலோ படிந்தால், ஒவ்வொரு குலுக்கலுக்கும் தலை இரண்டு பக்கமும் இடிபடும். கீழே துண்டு வைத்து உயர்த்திக் கொடுப்பது, தலையை முன்னால் நீட்டச் சொல்வது எல்லாம் நிலைமையை மோசமாக்கும். தலை பின்சாய்மானத்தில் ஒட்டியிருக்கவேண்டும், தடுப்பு தோளிலும் மடியிலும் படியவேண்டும். இரண்டும் சேர்ந்து நடக்காவிட்டால் இந்த ராட்டினம் வேண்டாம்.

சங்கிலி நாற்காலியில் பிள்ளை வெளியே பறக்கிறதே, விழுந்துவிடாதா

பார்க்க இதுதான் பயமுறுத்தும். உண்மையில் பக்கவாட்டில் தள்ளும் ராட்டினங்களைவிட இதில் உடம்பு இருக்கையில் நன்றாக அழுந்தியிருக்கும். நாற்காலி சுதந்திரமாகத் தொங்குவதால், புவியீர்ப்பும் சுழற்சி விசையும் சேர்ந்து வரும் திசைக்கு அதுவே சாய்ந்துகொள்கிறது. பிள்ளைக்கு எந்நேரமும் இருக்கையை நோக்கித்தான் தள்ளல். எடை குறைந்த பிள்ளை அதிகம் வெளியே வீசப்படும் என்பதும் தவறு. எவ்வளவு சாயும் என்ற கணக்கில் எடை இரு பக்கமும் வெட்டுப்பட்டுப் போகிறது. அப்பாவும் மகளும் ஒரே கோணத்தில்தான் சாய்வார்கள்.

ஆபத்து வருவது பிள்ளை அந்த அமைப்பைக் குலைக்கும்போது. திரும்பி உட்காருவது, பக்கத்து நாற்காலியை எட்டிப் பிடிப்பது, காலால் உதைத்து நாற்காலியைத் திருகுவது, நாற்காலியை முறுக்கிவிட்டு வேகமாகச் சுழலவைப்பது. கிளம்பும்போதும் நிற்கும்போதும் அந்தத் தள்ளல் குறைவாக இருப்பதால் அப்போதுதான் முன்னால் நழுவும் வாய்ப்பு. முன்பக்கச் சங்கிலி மாட்டியிருக்கிறதா, கால்களுக்கு நடுவே பட்டை வருகிறதா என்று பாருங்கள். குறுக்குச் சங்கிலி மட்டும் இருந்து நடுப்பட்டை இல்லாத நாற்காலியில் சின்னப் பிள்ளையை நான் உட்காரவைக்க மாட்டேன், அதற்கு அடியில் உடம்பு முழுதாக நுழையும். கழன்று விழக்கூடிய செருப்பைக் கீழேயே விட்டுவிடலாம்.

ஓடிக்கொண்டிருக்கும்போது பிள்ளை அழுகிறது, இறங்கப் பார்க்கிறது

பயந்த பிள்ளை செய்வது ஒன்றே ஒன்றுதான்: அம்மா அப்பா இருக்கும் பக்கம் போகப் பார்க்கும். நீங்கள் வேலிக்கு வெளியே நின்றால் வேலியை நோக்கி எழும். அது தெரிந்தால் செய்ய வேண்டியதும் தெரிந்துவிடும்.

கூட உட்கார்ந்திருந்தால் முகத்துக்கு நேராக, சின்னச் சின்ன வார்த்தையாகச் சொல்லுங்கள்: "முதுகை ஒட்டு. கம்பியைப் பிடி. என்னைப் பாரு." "பயப்படாதே, ஒன்றும் ஆகாது" என்பது அந்த நேரத்தில் காதில் ஏறாது, உடம்பால் செய்யக்கூடிய கட்டளைதான் ஏறும். உங்கள் கையைப் பிள்ளையின் மார்புக்குக் குறுக்கே வைத்துச் சாய்மானத்தோடு அழுத்துங்கள். கம்பிக்கு அடியில் வழுக்கத் தொடங்கியிருந்தால் அக்குளில் கைகொடுத்து மேலே இழுத்து நிமிர்த்துங்கள், காலைப் பிடித்து இழுக்க வேண்டாம். கூடவே ஆப்பரேட்டருக்குக் கேட்கும்படி "நிறுத்துங்க" என்று கத்துங்கள். சத்தமான பாட்டு ஓடும் ராட்டினத்தில் உங்கள் குரல் எட்டாமல் போகலாம். அதனால்தான் வீட்டாரில் ஒருவர் ஆப்பரேட்டர் அறை அருகே நிற்பது நல்லது என்கிறேன். நீங்கள் கையைக் குறுக்காக ஆட்டினால் உடனே நிறுத்தச் சொல்லவேண்டும் என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அவசரப் பொத்தானை அழுத்தினாலும் அவ்வளவு கனமான இயந்திரம் அந்தக் கணமே நிற்காது. முழுதாக நிற்கும்வரை பிடியை விடாதீர்கள்.

பிள்ளை தனியாக இருக்கிறது, நீங்கள் வெளியே என்றால் முதல் வேலை ஆப்பரேட்டரிடம் ஓடுவது. பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது இரண்டாவதுதான். கூப்பிட்டால் "உட்காரு, பிடிச்சுக்கோ" என்று கூப்பிடுங்கள். "வா" என்ற சொல்லோ, நீட்டிய கையோ வேண்டாம். அழாத பிள்ளைக்கும் இது பொருந்தும். வேலியோரம் நின்று "இங்கே பாரு, சிரி" என்று போட்டோவுக்குக் கூப்பிடுவோம் அல்லவா? ஒவ்வொரு சுற்றிலும் உங்களைப் பார்க்கப் பிள்ளை திரும்பும், சில பிள்ளைகள் எழுந்தே நிற்கும். போட்டோ கிளம்பும் முன் எடுத்துவிடுங்கள்.

அப்புறம் அந்தக் கடைசிச் சுற்று. வேகம் குறைந்ததும் பிள்ளைக்கு ஆட்டம் முடிந்துவிட்டது, ஆனால் ராட்டினத்துக்கு முடியவில்லை. இறங்க அவசரப்பட்டு எழுவது அப்போதுதான். "மாமா வந்து கம்பியைத் திறக்கிற வரைக்கும் உட்கார்ந்தே இரு" என்பதை ஏறும் முன்பே சொல்லி, திருப்பிச் சொல்லவையுங்கள்.

ராட்டினம் பாதியில் நின்றுவிட்டது

உட்கார்ந்தே இருங்கள். மின்சாரம் போனாலும் பூட்டு திறந்துகொள்ளாத மாதிரிதான் நல்ல ராட்டினங்களின் பூட்டுகளை அமைக்கிறார்கள். இறங்குகிறேன் என்று கம்பிக்கு அடியில் நெளிந்து வெளியே வருவதுதான் ஆபத்து. மறுபடி ஓடத் தொடங்கினால் நடுவில் மாட்டிக்கொள்வீர்கள். பிள்ளையிடம் ஏதாவது கதை சொல்லுங்கள்.

தலைமுடி, துணி, கயிறு

அவிழ்ந்த நீளமுடி, துப்பட்டா, மப்ளர், சட்டைத் தொப்பியின் இழுகயிறு, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை எல்லாவற்றையும் ஏறும் முன் முடிந்து உள்ளே செருகுங்கள் அல்லது கழற்றிப் பையில் வையுங்கள். 2016-ல் அமெரிக்காவின் ஓமஹாவில் சுழலும் ராட்டினம் ஒன்றில் சிறுமியின் முடி சிக்கி உச்சந்தலைத் தோலே பிய்ந்துபோனது. பின்னலாகப் போட்டு, பின்னலையும் மேலே சுருட்டிக் கட்டினால்தான் சரி. தொங்கும் பின்னல் விரித்த முடியைவிடப் பெரிய பாதுகாப்பு இல்லை.

ராட்டினமே சரியில்லையோ என்று சந்தேகம்

ஏறும் முன் ஒரு ஆட்டத்தை முழுதாக நின்று பாருங்கள் என்று மேலே சொன்னேன். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆப்பரேட்டர் ஒவ்வொரு கம்பியையும் கையால் தொட்டுப் பார்க்கிறாரா, அல்லது தூரத்திலிருந்தே பொத்தானை அழுத்துகிறாரா? ஓடும்போது அவர் கண் ராட்டினத்தில் இருக்கிறதா, போனில் இருக்கிறதா? இதைவைத்தே நான் பாதி முடிவெடுத்துவிடுவேன். அடுத்து, ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் 'டக்' என்று இடிக்கும் சத்தம், ஒரு இருக்கை மட்டும் மற்றவற்றைவிட அதிகம் ஆடுவது, பற்றவைத்த இடங்களில் துருக்கோடு, புதுப் பெயின்ட்டின் மேலேயே கீறலாக ஓடும் வெடிப்பு ஆகியவற்றைப் பாருங்கள்.

பார்வையால் எல்லாம் பிடிபடும் என்று நினைக்கவும் கூடாது. 2017 ஜூலையில் ஒஹாயோ மாநிலக் கண்காட்சியில் 'ஃபயர் பால்' என்ற ஊசல் ராட்டினம், ஓடும்போதே ஒரு பகுதி முறிந்து ஒருவர் இறந்தார், ஏழு பேர் காயமடைந்தார்கள். அன்று அது ஆய்வில் தேறியிருந்தது. இருக்கைகளைத் தாங்கும் தண்டில் உள்ளுக்குள்ளேயே துரு அரித்திருந்ததாகத் தயாரிப்பாளர் பிறகு சொன்னார். வெளியில் தெரியாத துருவைக் கருவி வைத்து ஆள்தான் தேடவேண்டும். நம்மால் ஆவது, கடைசியாக எப்போது பரிசோதித்தார்கள் என்ற சான்றைக் கேட்பது. கேட்டால் முகம் சுளிக்கும் இடம் என்றால் திரும்பி வந்துவிடலாம்.

இறங்கியபின் தலை சுற்றுகிறது, வாந்தி வருகிறது

பெரும்பாலும் இது இயல்பு. உள்காதில் இருக்கும் அரைவட்டக் குழல்களில் ஒரு திரவம் இருக்கிறது. ஒரே வேகத்தில் சுழன்றுகொண்டிருந்தால் 20 நொடி வாக்கில் அதுவும் சேர்ந்து சுழன்று, சுழலும் உணர்வே மங்கிவிடும். ராட்டினம் நின்ற பிறகும் திரவம் ஓடிக்கொண்டிருப்பதால் எதிர்ப்பக்கம் சுழல்வதுபோலத் தோன்றும். இறங்கிய கையோடு ஓடவிடாதீர்கள், படிக்கட்டில்தான் விழுவார்கள். ஒரு இடத்தில் உட்காரவைத்து, அசையாத ஒரு பொருளைப் பார்க்கச் சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுங்கள். இரண்டு வயதுக்குக் கீழே இந்தத் தொல்லை அரிது. பள்ளிப் பருவத்தில்தான் அதிகம். ஓடும்போதே குமட்டினால் சுற்றி ஓடும் கூட்டத்தைப் பார்க்காமல் எதிரில் இருப்பவரின் முகத்தையோ தொட்டியின் நடுச்சக்கரத்தையோ பார்ப்பது உதவும், அவையும் கூடவே சுழல்வதால் கண்ணுக்கு நிலையாகத் தெரியும். தலைசுற்றல் முழுதாக நீங்கும்வரை அடுத்த ராட்டினம் வேண்டாம்.

இறங்கியபின் தலைவலி, கழுத்துவலி, மந்தம்

தலைசுற்றல் நேரம் ஆக ஆகக் குறையும். தலையில் அடிபட்டிருந்தால் கூடும். திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினால் எழ முடியாத தூக்கம், கேட்டதையே கேட்பது, நடையில் தள்ளாட்டம், இரண்டு கண்மணியும் வெவ்வேறு அளவில் தெரிவது, வலிப்பு, மூக்கிலோ காதிலோ தெளிந்த நீர் வடிவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் நேராக மருத்துவமனைக்கு. அடிபட்டது உறுதி என்றால், இப்போது நன்றாகத் தெரிந்தாலும் அடுத்த ஒரு நாள் கண்ணிலேயே வைத்திருங்கள். கழுத்தைத் திருப்ப முடியவில்லை, கை கால் மரத்துப்போகிறது என்றால் பிள்ளையைத் தூக்கவோ நடக்கவைக்கவோ வேண்டாம். அங்கேயே படுக்கவைத்து, தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லுங்கள். வயிற்றில் பெல்ட் அல்லது கம்பியின் அச்சு சிவந்து தெரிந்து, தொட்டால் வலிக்கிறது என்றாலும் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். உள்காயம் சில மணி நேரம் கழித்தும் தெரியவரலாம்.

எந்த ராட்டினம், எத்தனையாவது இருக்கை, எந்தப் பக்கம், எத்தனை மணி என்பதைப் போனில் குறித்துக்கொண்டு, இருக்கையை ஒரு படம் எடுத்துவிட்டு ஆப்பரேட்டரிடம் சொல்லுங்கள். அடுத்த ஆட்டத்துக்கு அதே இருக்கையில் வேறொரு பிள்ளை ஏறுவதற்குள் சொன்னால் நல்லது.